புகைபோக்கிச் சுவர்

— கையை வையும் தம்பி, பயப்பிடாமல் வையும். சுவர் கடிக்காது.

— ஓம் கஸ்பர் அங்கிள், நல்ல சூடாத்தான் இருக்குது.

— இருக்குதோ இல்லையோ? வெளியில மைனஸ் பதினெட்டு. இஞ்ச சுவர் இப்பிடிச் சுடுது. இதைத்தான் நான் போனில சொன்னது. உந்தச் சுவருக்குள்ளாலதான் என்ர புகைபோக்கி போகுது. நான் காஸ் எரிச்சு உண்டாக்கிற சூட்டில பாதி உதுக்குள்ளால ஏறி ஆகாயத்துக்குப் போகுது. மிச்சப் பாதி எங்க போகுது தெரியுமோ?

— எங்க?

— பக்கத்து வீட்டுக்கு! ஒட்டு வீடுதானே, நடுவில ஒரே சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் உவர். வருசக்கணக்கா என்ர சூட்டில குளிர் காயிறார். விளங்குதோ?

— இஞ்சேருங்கோ, வந்த பிள்ளையை முதல் ஜக்கெற்றைக் கழட்ட விடுங்கோவன். அஜக்ஸில இருந்து வாறார், 401 ரோட்டு நெரிசலில எவ்வளவு நேரம் நிண்டாரோ. தம்பி கிருபன், தேத்தண்ணி வைக்கட்டோ?

— காணும் அன்ரி, வானுக்குள்ள கோப்பி குடிச்சுக்கொண்டுதான் வந்தனான்.

— பேர்ணடெற், நீர் இதில இரும். இடுப்பு ஒப்பரேசன் செய்த ஆள் படி ஏறி இறங்கித் திரியவேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவரெல்லோ.

— நடக்கச்சொல்லித்தான் டொக்டர் சொன்னவர். திரியவேண்டாம் எண்டு சொன்னது நீங்கள்.

— சரி, சரி. தம்பி, இது இவவின்ர கட்டில். ரெண்டு வருசமா இடுப்பை இந்தச் சுவரோட ஒட்டிவைச்சுக்கொண்டுதான் படுக்கிறா.

— நோவுக்குப் போடுற குளுசையை விட இந்தச் சுவர்தான் தம்பி எனக்குச் சுகம். இந்த மாரி இன்னும் கூடச் சூடு. போன மாதத்தில இருந்து நெடுகச் சாய்ஞ்சு கிடக்க ஏலாது, அவ்வளவுக்குச் சுடுது.

— போன மாதத்தில இருந்தோ அன்ரி?

— ஓம், நத்தாருக்கு ரெண்டு கிழமைக்கு முன்னம் தொடங்கினது.

— கண்டீரோ? வருசத்துக்கு வருசம் நட்டம் கூடிக்கொண்டு போகுது. அதுதான் பேர்னஸ் வேலை செய்யிற உம்மைக் கூப்பிட்டனான். இந்தா, இந்தப் பெட்டியைப் பாரும். யூரியூப்பில ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டினவன், நான் ஓடர் பண்ணி எடுத்தனான். இதைப் புகைபோக்கிப் பைப்பைச் சுத்திப் பூட்டி, ஒரு காத்தாடி வைச்சு, சூட்டை உறிஞ்சி எடுத்து, இவவின்ர கட்டிலடியில ஊதவேணும். பிறகு உந்த நுரைப்பலகையைச் சுவரில அடிச்சுவிட்டா, அந்தப் பக்கம் ஒரு சொட்டுச் சூடும் போகாது.

— அங்கிள், குறைநினைக்காதேங்கோ. அந்தப் பெட்டியை நான் பூட்டமாட்டன்.

— ஏன்? நான் முப்பது வருசம் பிளாஸ்ரிக் பக்ரறியில மெசின் ஓட்டினனான் தம்பி. சூட்டைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வாறீரோ?

— இல்லை அங்கிள். சிம்பிளா சொன்னா, புகை மேல போறது அது சூடா இருக்கிறதாலதான். நீங்கள் நடுவழியில சூட்டைப் பறிச்சா, அதுக்கு ஏறப் பலம் இல்லாமல் போயிடும். திரும்பி வீட்டுக்குள்ள வரும். அந்தப் புகைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. படுத்தாப் படுத்ததுதான், எழும்பமாட்டியள். என்ர லைசென்ஸும் போயிடும்.

— மாதாவே! அந்தப் பெட்டியை முதல் வெளியால வையுங்கோ.

— பெட்டி ஒண்டும் செய்யாது, நீர் பேசாமல் இரும். அப்ப வீணாப் போற சூட்டை எடுக்கவே ஏலாதோ தம்பி?

— எடுக்கலாம். ஆனா அதை வீட்டைச் சூடாக்கிற பேர்னஸுக்குள்ளயே வைச்சு எடுக்கவேணும், வெளியால வந்தாப் பிறகு இல்லை. கீழ போய் உங்கட பேர்னஸை ஒருக்காப் பாப்பம்.

— வாரும். பேர்ணடெற், நீர் இரும்.

— நானும் வாறன்.

— நீர் ஏன்?

— எனக்கும் பாக்கவேணும். கம்பியைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல வாறன், நீங்கள் முன்னால நடவுங்கோ.

— இஞ்ச கொஞ்சம் சாமான் சட்டுமுட்டு, தலையைக் குனிஞ்சு வாரும் தம்பி. பேஸ்மென்ற் லைற் ஒண்டு எரியாது. உந்தா, மூலையில நிக்குது.

— அங்கிள், இது எப்ப போட்டது?

— ஆறு வருசம். பழசு பழுதாகி மகள் கரோலின்தான் மாத்தினவள். நான் அப்ப மன்னாரில, மடுத் திருநாளுக்குப் போய் நிண்டனான். வந்து பாத்தா புதுசு நிக்குது. நான் உதுக்குக் கிட்டப் போறேல்லை, பில்ரர் மாத்துறது எல்லாம் இவதான்.

— இந்த வெள்ளைப் பைப்பை ஒருக்காத் தொடுங்கோ.

— தண்ணிப் பைப்பை ஏன் தொடவேணும்?

— தண்ணிப் பைப் இல்லை அங்கிள். உங்கட பேர்னஸின்ர புகை போற பைப் இதுதான்.

— பகிடி விடாதையும். இது பிளாஸ்ரிக். புகை போனா உருகி ஊத்தும். நான் முப்பது வருசம் பிளாஸ்ரிக் உருக்கினனான்.

— அதைத்தான் நானும் சொல்லுறன். இது உருகாமல் நிக்குது, ஏனெண்டா புகையில சூடு இல்லை. சிம்பிளா சொன்னா, நீங்கள் யூரியூப்பில தேடின சாமான் உங்கட பேர்னஸுக்குள்ளயே இருக்குது. முதல் ஒரு இடத்தில சூட்டை எடுக்குது. மிச்சம் கிடக்கிறதை ரெண்டாவது இடத்தில வழிச்சு எடுக்குது. புகை ஆறி, வேர்த்து, இந்தச் சின்னக் குழாயால தண்ணியாச் சொட்டுது பாருங்கோ. மிச்சப் புகை இந்தப் பைப்பால வீட்டின்ர பக்கச் சுவரால வெளியால போகுது.

— தொடேக்க இளஞ்சூடுதான் தெரியுது.

— உங்கட வீட்டில வீணாப் போற சூடு அவ்வளவும்தான்.

— அப்ப புகைபோக்கி?

— அங்க மேல பாருங்கோ. பழைய பைப் போன ஓட்டையைத் தகரம் வைச்சு மூடிக்கிடக்குது. தண்ணி சூடாக்கிற ராங்கின்ர புகையும் பக்கச் சுவராலதான் வெளியால போகுது. அந்தச் சிம்னிக்கும் உங்களுக்கும் ஆறு வருசமா ஒரு தொடர்பும் இல்லை.

— தம்பி, நீர் இப்பதான் மேல சுவரைத் தொட்டனீர்.

— தொட்டனான்.

— சுட்டதோ இல்லையோ?

— சுட்டது.

— அப்ப அது ஆற்ற சூடு?

— ஒரு சிம்னிக்குள்ள ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு வழி இருக்கும் அங்கிள். இந்த வெக்ஸ்போர்ட் பக்கத்தில பழைய ஒட்டு வீடுகள் கனக்க அப்பிடித்தான். உங்கட வழி மூடிக்கிடக்குது. மற்ற வழி பக்கத்து வீட்டின்ர.

— இல்லை. இருக்கவே இருக்காது. உந்தத் தேர்மோஸ்ராற்றை நிப்பாட்டும். நிப்பாட்டிப்போட்டு, சூடு பாக்கிற துவக்கு மாதிரி ஒண்டு வைச்சிருக்கிறீரே, அதைக் கொண்டு மேல வாரும். எனக்கு அளந்து காட்டும்.

— இருபது நிமிசமாச்சு அங்கிள். உங்கட பேர்னஸ் நிக்குது, அறையும் குளிரத் தொடங்கியிட்டுது. இப்ப சுவரில பிடிக்கிறன், நம்பரை நீங்களே வாசியுங்கோ.

— நாப்பத்தொண்டு.

— இன்னும் கொஞ்சம் பொறுங்கோ.

— நாப்பத்திரண்டு. நாப்பத்திமூண்டு. தம்பி, ஏறுதெல்லோ!

— ஓம். இப்பதான் அங்கால பத்தியிருக்குது.

— பேர்ணடெற், நீர் ஏன் நிலத்தைப் பாக்கிறீர்? உமக்குத் தெரியும்!

— ஓம்.

— எப்பயிருந்து?

— கரோலின் புதுசு போட்ட நாளில இருந்து. போட வந்த பொடியன், இனிப் புகைபோக்கி குளிர்ந்துபோயிடும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன். மாரி வந்தது. சுவர் சுட்டது. இதுக்குப் பக்ரறியில மெசின் ஓட்டவேணுமே?

— ஏன் எனக்குச் சொல்லேல்லை?

— சொல்லியிருந்தா என்ன செய்திருப்பியள்?

— கட்டிலை மற்றப் பக்கம் இழுத்துப் போட்டிருப்பன்!

— அதுதான் சொல்லேல்லை.

— அன்ரி, கேக்கிறனெண்டு குறைநினைக்கவேண்டாம். பக்கத்து வீட்டோட அப்பிடி என்ன பிரச்சினை?

— பக்கத்து வீட்டுக்காரர் எண்டு இவர் சொல்லுறது தன்ர சொந்தத் தமையனைத்தான் தம்பி. பொனிப்பஸ் அத்தான். நடுவில வேலி போடுறேல்லை எண்டு கதைச்சுத்தான் ரெண்டு பேரும் இந்த ரெண்டு வீட்டையும் ஒரே நாளில வாங்கினவை. இப்ப கதைக்காமல் பதினொரு வருசம்.

— பொறும், நான் சொல்லுறன். தம்பி, எங்கட அம்மா மோசம்போட்டா. ரேடியோவுக்கும் இணையத்துக்கும் மரண அறிவித்தல் குடுக்கவேணும். நான் ஆஸ்பத்திரியில, மூண்டு நாள் நித்திரை இல்லை. எண்டாலும் குந்தியிருந்து எல்லாற்ற பேரும் ஒண்டும் விடாமல் எழுதிக் குடுத்தனான். கொண்டுபோய்க் குடுத்தது உவர். அறிவித்தல் வருகுது. மருமக்கள் எண்டு உவரின்ர மனிசி அன்ரனெற்றின்ர பேர் கிடக்குது. பாரிசில இருக்கிற மச்சான்ர பேர் கிடக்குது. அம்மாவைக் கடைசி ஆறு வருசம் குளிக்கவாத்து, சோறு தீத்தின இவவின்ர பேர் இல்லை! உலகம் முழுக்க வாசிச்சுப்போட்டுது. செத்தவீட்டில ஒரு மனிசன் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்க் கேக்கிறான், அண்ணை, நீங்கள் மனிசியை டிவோஸ் பண்ணியிட்டியளோ எண்டு.

— அவரிட்டக் கேட்டனீங்களோ?

— கேக்காமல்? தெரியாமல் விடுபட்டுப்போச்சு, மன்னிச்சுக்கொள் எண்டார். அவ்வளவுதான். வீட்டு மருமகளின்ர பேர் எப்பிடித் தம்பி தெரியாமல் விடுபடும்? இப்ப வாசலில கொட்டுற சினோவைத் தள்ளேக்க எங்கட பக்கத்திலயும் ரெண்டு முழம் தள்ளிவிடுவார். பவிசு காட்டுறார். எனக்கு வேண்டாம். உந்த நுரைப்பலகையை எடும். சுவரில ரெண்டு படை அடியும். அவரின்ர சூடும் எனக்கு வேண்டாம்.

— எனக்கு வேணும்.

— பேர்ணடெற்!

— இடுப்பு என்ர.

— அங்கிள், ஒரு நிமிசம். மற்றக் கஸ்ரமரின்ர கதையை நான் வாயில எடுக்கிறேல்லை. வந்த நேரத்தில இருந்து அதுதான் பேசாமல் நிண்டனான். இனிச் சொல்லாமல் போகேலாது. ஒக்ரோபரில நான் பக்கத்து வீட்டுக்கு வந்தனான்.

— அங்கயோ? ஏன்?

— அவற்ற பேர்னஸுக்கு இருபத்தெட்டு வயசு. உங்கட மாதிரி ஒண்டு போடச்சொல்லிக் கூப்பிட்டவர். பேப்பரில கையெழுத்தும் வைச்சிட்டார். நான் சாமானோட வந்து இறங்க, ஒரு கேள்வி கேட்டார். தம்பி, இதைப் போட்டா புகைபோக்கி குளிர்ந்துபோகுமோ எண்டு.

— நீர் என்ன சொன்னனீர்?

— ஓம் அங்கிள், இனி ஒரு துளி சூடும் வீணாப் போகாது எண்டு பெருமையாச் சொன்னனான். மனிசன் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பாத்தார். பிறகு, அப்ப வேண்டாம், கொண்டுபோம் எண்டார். ரெண்டு பேர் தூக்கி இறக்கின சாமான். கரைச்சல் பிடிச்ச மனிசன் எண்டு ஏசிக்கொண்டு போனனான். இண்டைக்கு இந்தக் கட்டிலைக் கண்டாப் பிறகுதான் விளங்குது.

— பேர்ணடெற், நீர் சுவரோட படுக்கிறது அவருக்கு எப்பிடித் தெரியும்?

— அன்ரனெற் அக்காவுக்குச் சொன்னனான். ஞாயிறு பூசை முடிய நீங்கள் போய்க் காரை ஸ்ராட் பண்ணிச் சூடாக்குவியள். அந்தப் பத்து நிமிசமும் நாங்கள் கதைக்கிறனாங்கள்.

— எல்லா ஞாயிறுமோ?

— எல்லா ஞாயிறும். பதினொரு வருசமா. உங்கட கார் கெதியாச் சூடாகாதது எங்களுக்கு நல்லதாப் போச்சு.

— அங்கிள், கதை அதோட முடியேல்லை. முந்தநாள் அவர் போன் எடுத்தவர், பேர்னஸ் நிண்டு நிண்டு ஓடுது எண்டு. போய்ப் பாத்தனான். காத்துத் தள்ளுற மோட்டர் போன மாதத்தில இருந்து இளைச்சுப் போச்சு. நெருப்பு எரியுது. ஆனா அந்தச் சூட்டை அறையளுக்குத் தள்ள மோட்டருக்குப் பலம் இல்லை. தள்ளாத சூடு எங்க போகும்?

— புகைபோக்கிக்கு.

— அதாலதான் அன்ரியின்ர சுவர் இந்த மாரி கூடச் சூடு. அங்க ஹோலுக்குள்ள பதினாலு டிகிரிதான். அந்த அன்ரி ஜக்கெற்றும் தொப்பியும் போட்டுக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தவ.

— ஐயோ, அக்கா எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை! போன ஞாயிறும் கையைப் பிடிச்சு, இடுப்பு எப்பிடி எண்டுதானே கேட்டவ.

— பழைய மோட்டர் இனி எடுக்கேலாது. புதுப் பேர்னஸ் போடுவம் எண்டு திரும்பவும் கெஞ்சினனான். பங்குனி வரைக்கும் சமாளிப்பம், ஆண்டவர் காப்பார் எண்டார். சிம்பிளா சொன்னா, பங்குனி வரைக்கும் அது ஓடாது. உள்ளுக்கு எங்கயாவது வெடிப்பு விட்டா, நானே காஸைப் பூட்டிப்போட்டு, பாவிக்கக்கூடாது எண்டு சிவப்புத் துண்டு கட்டவேண்டி வரும்.

— அப்ப இவவின்ர அறைக்கு வேற வழி பாரும் தம்பி. என்ர பேர்னஸ் அவ்வளவு திறமெண்டா, இந்த அறைக்கு ஏன் சூடு வாறேல்லை?

— அதை நான் கீழயே கண்டனான். இந்த அறைக்குச் சூட்டுக் காத்து வாற குழாயில ஒரு கைபிடி இருக்குது, திறந்து மூடுறதுக்கு. முக்கால்வாசி மூடி, மேல ரேப்பும் சுத்திக்கிடக்குது. ஆரங்கிள் மூடினது?

— நான்தான். சுவர்தானே சுடுது, ஒரு அறைக்கு ரெண்டு சூடு என்னத்துக்கு எண்டு.

— அதைத் திறந்தாக் காணும். பெட்டியும் வேண்டாம், காத்தாடியும் வேண்டாம். அரை மணித்தியாலத்தில அன்ரிக்குச் சுவரே தேவைப்படாது. பக்கத்து வீட்டுக்கும் நான் நாளைக்கே புதுசு போடுவன், சாமான் கடையிலதான் கிடக்குது. ஆனா அவர் ஓம் எண்டு சொல்லவேணும். நான் சொல்லி அவர் கேக்கமாட்டார். இந்த அறை சூடாயிட்டுது எண்டு வீட்டு ஆக்கள் ஆரும் போய்ச் சொல்லவேணும்.

— ஞாயிறு நான் அக்காவுக்குச் சொல்லுறன்.

— இண்டைக்குச் செவ்வாய் அன்ரி. நாளைக்கு மைனஸ் இருபத்தாறு எண்டு போட்டிருக்கிறாங்கள்.

— இஞ்சேருங்கோ, அப்ப நீங்கள் போங்கோ.

— நானோ?

— வேற ஆர்? வாசலில இருந்து வாசலுக்குப் பத்தடி வராது.

— நான் கேட்டனானோ எனக்குச் சுவர் சூடாக்கித் தாங்கோ எண்டு? தானும் குளிரில கிடந்து, தன்ர மனிசியையும் தொப்பியோட இருத்தி வைச்சுக்கொண்டு... பேர்ணடெற், எனக்கும் நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரித்தான் கிடக்குது. ஆனா சுவரைச் சுடவைச்சா உம்மட பேரை விட்டது இல்லையெண்டு ஆகுமோ? அண்டைக்கு நீர் குசினிக்குள்ள நிண்டு அழுததை நான் மறக்கேல்லை. முதல் அவர் வரட்டும். ஏன் விட்டனான் எண்டு ஒரு காரணம் சொல்லட்டும்.

— தலைமாட்டில என்ர பைபிள் கிடக்குது. எடுங்கோ.

— இப்ப என்ன, செபமோ?

— எடுங்கோவன். நடுவில ஒரு துண்டு இருக்குது.

— இது ஆஸ்பத்திரிக் கார் பார்க்கிங் துண்டு. பழசு.

— திருப்புங்கோ. ஆற்ற எழுத்து?

— என்ர எழுத்து. இது... நான் அண்டைக்கு எழுதிக் குடுத்ததெல்லோ?

— வாசியுங்கோ. தம்பிக்கும் கேக்க வாசியுங்கோ.

— மக்கள்: பொனிப்பஸ், கஸ்பர், பிலோமினா. மருமக்கள்: அன்ரனெற், யோக்கீன். பேரப்பிள்ளையள்: கரோலின், ஜெனாட்...

— மருமக்களை இன்னொருக்கா வாசியுங்கோ.

— அன்ரனெற். யோக்கீன்.

— பிறகு?

— பிறகு பேரப்பிள்ளையள். பேர்ணடெற், நீர் எனக்குப் பக்கத்திலதானே நிண்டனீர். போத்திலில தேத்தண்ணியோட நிண்டனீர். நான் எழுதேக்க துண்டு பறக்காமல் பிடிச்சுக்கொண்டு நிண்டது நீர்தானே!

— ஓம். பக்கத்தில நிண்ட ஆளைத்தான் எண்ணாமல் விட்டிட்டியள்.

— அங்கிள், நான் கீழ போய் அந்தக் குழாயைத் திறக்கிறன்.

— திறவும் தம்பி. ரேப்பைப் பிச்சு எறிஞ்சுபோட்டு முழுக்கத் திறவும். பேர்ணடெற், என்ர ஜக்கெற் எங்க?

— கதவுக்குப் பின்னால கொழுவிக்கிடக்குது.

— உந்தத் துண்டு உம்மட கைக்கு எப்பிடி வந்தது?

— ஒப்பரேசன் முடிஞ்சு வந்த கிழமை, அத்தானுக்குத் தெரியாமல் அக்கா கொண்டுவந்து தந்தவ. அவற்ற மேசை லாச்சிக்குள்ள கிடந்ததாம். நான் காட்டினா நீங்கள் வெக்கத்திலயே அங்கால போகாமல் விட்டிடுவியள் எண்டு வைச்சிருந்தனான். நீங்களா ஒருநாள் போவியள் எண்டு பாத்தன்.

— அப்ப இதை லாச்சிக்குள்ள வைச்சுக்கொண்டே அண்ணை என்னட்ட அவ்வளவு பேச்சும் வாங்கினவரோ? ஒருக்கா எடுத்து என்ர முகத்துக்கு முன்னால நீட்டியிருந்தாக் காணுமே. ஏன் நீட்டேல்லை?

— அக்காவும் அதைத்தான் கேட்டவவாம். 'கட்டின மனிசனே தன்ர பேரை மறந்திட்டான் எண்டு பேர்ணடெற்றுக்குத் தெரியவேண்டாம், நான்தான் மறந்தனான் எண்டு இருந்திட்டுப் போகட்டும்' எண்டு அத்தான் சொன்னவராம்.